அந்த ஸ்லைடை தூரப் போட்டுறாதட்டி

ஏட்டி,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, இப்பத்தான் உக்கார நேரம் கெடச்சுது, கோவிச்சுக்காத. இங்க எல்லாரும் சுகம். சின்னவன் பத்தாங்கிளாஸ் போயிட்டான், கோவம் வந்தா மட்டும் ஹிந்தி பேசுதான். ஞாயித்துக்கெழம ஆனா ஆர்.கே.புரம் மலை மந்திர்ல நம்ம ஊர்ப் பேச்சு காதுல விழுந்துருது, அந்த வாரம் அதுலயே ஓடிரும். அம்மாவுக்கு முழங்கால் எப்பிடி இருக்கு, அத எழுதவே இல்லியே நீ.

சரி, எந்த டெஸ்ட் போடன்னு நீ கேட்டியே, மலைல இருந்து உன் லேபுக்கு வந்த அந்த காணிக்கார அம்மா விஷயத்துக்கு வாரேன். கையில மூணு மாசமா ஆறாத புண்ணு, தொழுநோய் ஸ்மியர் நெகட்டிவ், டாக்டர் லீஷ்மேனியா ஒட்டுண்ணிக் கிருமியோன்னு சந்தேகப்படுதாரு, அவர் சந்தேகம் சரிதான், கேரளா பக்கம் அகஸ்தியர் மலைக் காணிக்காரங்ககிட்ட இந்த தோல் வியாதி இருக்குன்னு ஏற்கெனவே பதிவாயிருக்கு. ஆனா கம்பெனிக்காரர் கொண்டு வந்த அந்த ஆர்கே39 ஸ்ட்ரிப்பை இதுக்காக வாங்காதட்டி. அது ரத்தத்துல ஆன்டிபாடி பாக்குற டெஸ்ட், பீகார்ல காலா அசார், அதான் இதே வகைக் கிருமி உள்ளுறுப்பத் தாக்குற காய்ச்சல், அதக் கண்டுபிடிக்க ரொம்ப உதவுச்சு, ஏன்னா அங்க கிருமி மண்ணீரல்லயும் எலும்பு மஜ்ஜைலயும் பெருகி ஒடம்பு முழுக்க ஆன்டிபாடி எகிறும். தோல்ல ஒரே ஒரு புண்ணுன்னா ரத்தத்துல அவ்வளவு ஏறாது, அநேகமா நெகட்டிவ்தான் வரும், அத நம்பி அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பிட்டா பாவம்லா. காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் இருந்தா மட்டும் அதப் போடலாம், ஏன்னா அகஸ்தியர் மலைல இருக்குறது எல். டொனோவானி (லீஷ்மேனியா டொனோவானி), காலா அசார் உண்டாக்குற அதே இனம்.

புண்ணுல இருந்து சொரண்டி எடுத்ததுலயே ஆன்டிஜென் பாக்குற கிட்டும் ஒண்ணு இருக்கு, சிஎல் டிடெக்ட்னு பேரு. பாசிட்டிவ் வந்தா நம்பலாம், ஆனா ஸ்ரீலங்கால சோதிச்சப்ப பாதிக்கு மேல நோயாளிகளை அது தவறவிட்ருச்சு, அங்கயும் தோல் வியாதிக்குக் காரணம் டொனோவானிதான், அதனால உனக்கும் அது கைகொடுக்கும்னு எனக்குத் தோணல.

உன்கிட்ட இருக்குற மைக்ராஸ்கோப்பும் ஜீம்சா சாயமும் போதும்ட்டி, நெஜமாத்தான் சொல்லுதேன். 1885-ல கன்னிங்ஹாம் டெல்லிக் கட்டின்னு சொல்லுற இந்தத் தோல் புண்ணுத் துண்டுல இந்தக் கிருமி உருவத்தப் பாத்ததும், 1903-ல நம்ம மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில டொனோவான் மண்ணீரல்ல ஊசி போட்டு எடுத்துப் பாத்ததும் மைக்ராஸ்கோப்ல வச்சுத்தான். ஆனா எங்க சொரண்டுதோம், எத்தன ஸ்லைடு போடுதோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு, இத நான் ஒரு பையன்கிட்ட தப்புப் பண்ணித்தான் கத்துக்கிட்டேன், இதுவரைக்கும் யார்கிட்டயும் விவரமா சொன்னதில்ல.

பிகானேர்ல இருந்து இங்க வேலைக்கு வந்த பையன், கன்னத்துல எட்டு மாசப் புண்ணு. அன்னைக்கு கூட்டம் ஜாஸ்தி, நான் புண்ணோட நடுவுல, பொருக்குக்குக் கீழ சொரண்டி ஒரே ஒரு ஸ்லைடு போட்டு இருவது நிமிஷம் பாத்துட்டு எல்.டி. பாடி, அதான் இந்தக் கிருமி, இல்லன்னு எழுதிட்டேன். வெறும் அழுகலும் வெள்ளணுவும்தான் இருந்துச்சு. அந்த ஒரு வரியப் பாத்துட்டு அவனுக்கு வேற ஏதேதோ மருந்து போயிட்டு இருந்துருக்கு, நாலு மாசம் கழிச்சு வந்தான், புண்ணு கண்ணுக்குக் கீழ வரைக்கும் போயிருச்சு. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. பழைய ஸ்லைடை பெட்டில தேடி எடுத்து, ஸ்டெயின் போட்ட அதையே சொரண்டி பிசிஆருக்கு அனுப்பினோம், பாசிட்டிவ், எல். டிராபிகா. புண்ணுக்குள்ளயே ஆன்டிமணி ஊசி போட்டு ஆறிருச்சு, தழும்பு மட்டும் போகல. அத நெனச்சா இப்பவும் தூக்கம் வர மாட்டேங்கு.

புண்ணு புதுசா இருக்கும்போது மேக்ரோஃபேஜ்ங்கற கிருமி தின்னுற செல்லுக்கு உள்ள கிருமி நெறஞ்சு கெடக்கும், நாள் ஆக ஆக ஒடம்பு அதக் கொன்னுக்கிட்டே வரும், ஆறு மாசம் தாண்டிட்டா தேடித் தேடி ஒண்ணு ரெண்டு கெடச்சா உண்டு. அதனால ஃபார்ம்ல புண்ணு வந்து எத்தன மாசம்னு கட்டாயம் எழுது. பொருக்கை எடுத்து சுத்தம் பண்ணு, மேடா செவப்பா இருக்குற ஓரத்தை வெளுத்துப் போற அளவுக்கு விரலால கவ்விப் பிடிச்சு, 15-ம் நம்பர் பிளேடால சின்னதா கீறி சொரண்டு, ரத்தம் கலந்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு எடத்துல எடு, குறைஞ்சது மூணு ஸ்லைடு. மெத்தனால்ல ஃபிக்ஸ் பண்ணு, ஜீம்சா கலக்குற பஃபர் பிஹெச் 7.2. ஆயில் லென்ஸ்ல பாக்கும்போது நியூக்ளியஸ் மட்டும் பத்தாது, பக்கத்துல குச்சி மாதிரி கைனெட்டோபிளாஸ்ட்டும், அதான் கிருமியோட தனி டிஎன்ஏ பொதி, தெரியணும், இல்லன்னா பிளேட்லெட்டையும் ஹிஸ்டோபிளாஸ்மாங்கற பூஞ்சையையும் பாத்து ஏமாந்துருவ.

கிருமிய வளத்துப் பாக்குற கல்ச்சர் இப்ப வேண்டாம், அதுக்கு முயல் ரத்தம் வச்ச என்.என்.என். மீடியா, 24-26 டிகிரி, நாலு வாரம் வரைக்கும் காத்திருக்கணும், குளிர வைக்குற பி.ஓ.டி. இன்குபேட்டர் இல்லாம நம்ம ஊர் சூட்டுல முடியாது, பாக்டீரியா ஏறி எல்லாம் பாழாப் போயிரும்.

கடைசில சொரண்டுனதுல கொஞ்சம் ஆல்கஹால்ல போட்டு பிசிஆருக்கு எடுத்து வை, டாக்டர் பயாப்சி எடுத்தாலும் அப்பிடியே, முழுசையும் ஃபார்மலின்ல முக்கிட்டா டிஎன்ஏ கெட்டுரும். கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏ வச்சுப் பண்ணுற பிசிஆர்தான் கிருமி கொறைவா இருந்தாலும் கண்டுபிடிக்கும், ஏன்னா ஒரு கிருமிக்குள்ளயே அந்த டிஎன்ஏ சின்னச் சின்ன வளையமா சுமார் 10,000 இருக்கு. இனம் தெரியணும்னா ஐடிஎஸ்1ங்கற டிஎன்ஏ பகுதிய வச்சுப் பண்ணுற பிசிஆர் கேளு, புடிக்குற சக்தி கொஞ்சம் கொறவு, ஆனா டொனோவானியா டிராபிகாவான்னு சொல்லிரும். அந்த அம்மாவுக்கு அது தெரியணும்ட்டி.

அது வர வரைக்கும் ரிப்போர்ட்ல வெறும் நெகட்டிவ்னு எழுதாத, இத்தன ஸ்லைடுல பாத்தோம், தெரியல, இது நோய் இல்லன்னு அர்த்தம் இல்லன்னு முழுசா எழுதிரு, டாக்டர் திட்டினாலும் பரவால்ல. நீ ஏற்கெனவே போட்ட ஸ்லைடு எதையும் கழுவிறாத. ஆடிக் கொடைக்கு ஊருக்கு வாரேன், ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்.

அந்த அம்மாவுக்கு எப்பிடி இருக்குன்னு ஒடனே எழுது.

உன் பழைய பெஞ்ச்காரி,
டெல்லியிலிருந்து