மகனுக்கு இதைச் சொல்

சூலூர்ப்பேட்டை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரனின் காது குத்துக்கு வர முடியாமல் போனதில் எங்கள் இருவருக்கும் வருத்தம்தான். இவளுக்கு மூட்டுவலி அப்படியே இருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைத்தெருவில் நடக்க முடியவில்லை.

அணுக்கழிவுச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வரைபடம் போடும் உன் மகன், எல்லாம் தானியங்கி ஆகிவிட்டால் ஆள் செய்யும் தவறுக்கே இடமில்லை என்கிறானாம். கண்ட்ரோல் ரூமில் தலை நரைத்த நீ அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயா?

இங்கிலாந்தில், செல்லாஃபீல்டில், பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுத்திகரித்த தோர்ப் ஆலையின் கதையை அவன் படிக்கட்டும். குழாய் ஒன்று முறிந்து, யுரேனியமும் புளூட்டோனியமும் கரைந்த அமிலம் 83 கன மீட்டர் அளவுக்கு அறைக்குள் கொட்டிக் கிடந்தது 2005 ஏப்ரலில்தான் தெரிந்தது. எஃகுத் தகடு போர்த்திய தரை என்பதால் வெளியே போகவில்லை. ஆனால் பல மாதம் ஒழுகியிருக்கிறது! அந்த அறைக்குள் யாரும் கால் வைக்க முடியாது, கருவி சொல்வதுதான் கண். தரைக்குழியில் எடுத்த மாதிரியில் யுரேனியம் இருந்தது, இருப்புக் கணக்கும் இடித்தது. புது ஆலை, ஒழுகாது என்ற நினைப்பில் யாரும் அசையவில்லை. அபாய மணியைக் கண்டுகொள்ளாத பழக்கமும் அங்கே ஊறியிருந்தது.

நம் பழைய ஆலையில் பஸரின் வாயில் பஞ்சை அடைத்து இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறதா? அது சோம்பேறித்தனம் இல்லை. பம்பைப் போடும்போதெல்லாம் அது காரணமின்றி அலறும். எந்த அளவில் அது அலற வேண்டும் என்று குறித்தவர் ஒரு நாளும் இரவு ஷிப்டில் உட்கார்ந்ததில்லை.

கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில், 2003 ஜனவரி 21 அன்று, குறைந்த கதிர்வீச்சுக் கழிவென்று நம்பி மாதிரி எடுக்கப் போனார்கள். வால்வு பழுதாகி, கடும் கதிர்வீச்சுக் கழிவு அங்கே வந்திருந்தது. அதைச் சொல்ல அந்த இடத்தில் ஒரு கதிர்வீச்சுமானிகூட இல்லை. ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். இதில் ஆளின் தவறு எங்கே? மானி இல்லாமல் விட்டதும் ஒரு தவறுதான், அதைக் கணினி செய்யவில்லை.

வால்வுக்கு இடம் குறிக்கும் முன், முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு அதை ஒரு முறை திருப்பிப் பார்க்கச் சொல். இப்போது இந்தப் பக்கத்து ஆலைகளில் பாதிப்பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். எச்சரிக்கைப் பலகையோ தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தொங்குகிறது. அதையும் அவன் காதில் போடு.

ஆயுள் சான்று கொடுத்துவிட்டாயா? போன வருடம்போல் பென்ஷன் நின்ற பிறகு என்னைக் கூப்பிடாதே.

அன்புடன்,
உன் பழைய ஷிப்டுக்காரன்