ஃபீல்டு மார்ஷல்களின் கதையை முழுதாகச் சொல்லுங்கள்

தமிழில் போர் வரலாறு எழுதுகிற, காணொளியாகச் சொல்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர் பற்றித் தமிழில் எது வந்தாலும் தேடிப் படிக்கிறவன் நான். வரைபடத்தை வைத்து ஒரு போரைப் புரிந்துகொள்ளக் கற்றுத் தந்தவர்கள் நீங்கள். அந்த உரிமையில் ஒரு வேண்டுகோள்: ஜெர்மன் ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியில் இருந்த ஃபீல்டு மார்ஷல்களைப் பற்றிப் பேசும்போது பாதிக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள்.

மான்ஸ்டைனையே எடுத்துக்கொள்வோம். 1940-இல் ஆர்டென் காட்டு வழியாக டாங்குகளை அனுப்பி பிரான்ஸை வீழ்த்திய திட்டத்துக்கு மூளை அவர். 1942 ஜூலையில் கிரீமியாவின் செவஸ்தபோலைப் பிடித்தபோது ஃபீல்டு மார்ஷல் ஆனார். இதையெல்லாம் ரசித்து ரசித்துச் சொல்கிறீர்கள். சரி. ஆனால் 1941 நவம்பர் 20 அன்று, 11-ஆம் படையின் தளபதியாக அவர் கையெழுத்திட்ட உத்தரவு உங்கள் கதையில் வருவதே இல்லை. யூத-போல்ஷ்விக் (சோவியத் கம்யூனிஸ்ட்) அமைப்பை ஒரேயடியாக ஒழித்துக்கட்ட வேண்டும் என்கிறது அது. எதிரி நகரங்களில் மக்களில் பெரும்பகுதியினர் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும், அதற்காக மனிதாபிமானம் பார்த்துக் கைதிகளுக்கோ ஊராருக்கோ எதையும் கொடுத்துவிடக் கூடாது என்றும் சொல்கிறது. அடுத்த மாதமே அவருடைய படை பிடித்து வைத்திருந்த கிரீமிய நகரமான சிம்ஃபெரோபோலில், எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) அதிகாரி ஓலெண்டார்ஃபின் கொலைப்படை ஆயிரக்கணக்கான யூதர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களிடம் பறித்த கைக்கடிகாரங்கள் பற்றி அந்தக் கொலைப்படைக்கும் 11-ஆம் படைக்கும் இடையே கடிதமே போயிருக்கிறது.

1946-இல் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் அந்த உத்தரவை எடுத்துக் காட்டியபோது, தனக்கு நினைவில்லை என்றார் மான்ஸ்டைன். 1949-இல் ஹாம்பர்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அவருக்கு 18 ஆண்டு சிறை விதித்தது. 1953-இல் வெளியே வந்துவிட்டார்.

இது அவர் ஒருவரோடு நிற்கவில்லை. அந்த உத்தரவுக்கு முன்மாதிரி, 6-ஆம் படையின் தளபதி ரைஷெனாவ் 1941 அக்டோபர் 10 அன்று போட்ட உத்தரவு. அவருக்கு மேலே இருந்த ருண்ட்ஸ்டெட் அதை ஏற்று மற்றப் படைகளுக்கும் அனுப்பிவைத்தார். அதற்குச் சில நாள் முன்புதான், செப்டம்பர் 29, 30 தேதிகளில், கீவ் அருகே பாபி யாரில் 33,771 யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். லெனின்கிராடைச் சுற்றி வளைத்த லீபுக்கு அதே செப்டம்பரில் 65-ஆம் பிறந்தநாள் பரிசாக ஹிட்லர் 2,50,000 ரைஷ்மார்க் கொடுத்தார். நகரத்துக்குள் மக்கள் பசியால் சாகப்போகும் குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.

வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படையை நடத்திய ரோமெல் விஷயம் வேறு. அங்கே இப்படி ஓர் உத்தரவு அவர் பெயரில் இல்லை. அவருடைய நற்பெயரை மற்ற மார்ஷல்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். போருக்குப் பிறகு ஜெர்மன் தளபதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகளிலிருந்து வந்த பழக்கம் அது. தோல்விக்கெல்லாம் ஹிட்லர் காரணம், கொலைக்கெல்லாம் எஸ்.எஸ். காரணம், நாங்கள் சண்டை மட்டும்தான் போட்டோம் என்று அவர்கள் எழுதியதை நாம் ஏன் தமிழில் அப்படியே ஒப்பிக்க வேண்டும்? சோவியத் போர்க்கைதிகளில் சுமார் 33 லட்சம் பேர் செத்தார்கள். அவர்களைப் பிடித்ததும் பல மாதம் அடைத்து வைத்திருந்ததும் இந்த ராணுவம்தான்.

அடுத்த முறை கீவ் சுற்றிவளைப்பைச் சொல்லும்போது பாபி யாரையும், கிரீமியாவைச் சொல்லும்போது நவம்பர் 20 உத்தரவையும் சேர்த்துச் சொல்லுங்கள். நியூரம்பெர்க் விசாரணைப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழாக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நான் செய்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்