உறுமிப் பிள்ளைகளையும் அந்த மேடையில் ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை பினாங்கு ஜார்ஜ் டவுனில், கடற்கரைப் பாடாங் திடல் பக்கம், ஒரு வெளிநாட்டுக் குழு வாசித்தது. ஐரிஷ், கிளெஸ்மர், பால்கன் மூன்றையும் கலந்து வாசிக்கிறவர்கள். கிளெஸ்மர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை, நமக்கு நாதஸ்வரம் மாதிரி, கிளாரினெட் விம்மும்போது ஆள் அழுவது போலவே இருக்கிறது.

அப்புறம் பல்கேரியாவின் ருச்செனிட்சா என்ற நடன இசை ஒன்றை எடுத்தார்கள், ஏழு எண்ணிக்கைத் தாளம், பரதம் படிக்கும் என் மகள் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "தகதிமி தகிட, தகதிமி தகிட... அப்பா, இது நம்ம விலோம சாப்பு!" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஐரிஷ்காரர்களின் பௌரான் என்ற ஒருமுக மேளமும் ஆட்டுத்தோல் கட்டியதுதான். வாசித்தவர் உள்பக்கமாகக் கையை வைத்துத் தோலை அழுத்த அழுத்த, கஞ்சிராவில் கேட்பது போலச் சத்தம் வளைந்து ஏறியது.

இவ்வளவும் இலவசம். ஆனால் கூட்டத்தில் தமிழர்கள் பத்துப் பேர்கூட இல்லை, எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஒரு வரி அறிவிப்பை நான் பார்க்கவில்லை. சினிமாவுக்கு முழுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சரி, அதில் கால் பக்கம் இதற்குக் கொடுங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைச் சாலையை அதிரவைக்கும் நம் உறுமி மேளப் பிள்ளைகளை அடுத்த முறை இவர்களோடு ஒரே மேடையில் உட்கார வையுங்கள். ஏழு எண்ணிக்கையில் ஆரம்பிக்கட்டும், யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்காது.

ஒரு வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு