கல்விப் பயணம் வகுப்பு முழுமைக்கும் உரியது: துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் அரசியல் அறிவியல் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். வரும் ஜூலையில் ஜெனீவாவுக்கும் தி ஹேக் நகருக்கும் செல்லவிருக்கும் கல்விப் பயணத்திற்கு முதுகலை முதலாமாண்டு மாணவர்கள் இம்மாத இறுதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள சுற்றறிக்கையைப் பார்த்த பிறகே இந்த மடலை எழுதுகிறேன். கடந்த ஜூலையில் நடந்தது தாங்கள் அறியாததல்ல. இருபத்துநான்கு பேர் படிக்கும் எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் மட்டுமே ஜெனீவா சென்றோம். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன். போய் வந்தவன் என்பதாலேயே இதைச் சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாக இருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். மதிப்பெண் வழங்கப்படும் பயணம் வகுப்பில் உள்ள அனைவருக்கும் உரியதாக இருக்க வேண்டும். அதன் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். இயலாதென்றால், எல்லோராலும் செல்ல முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தலைக்கு 2,10,000 ரூபாய் என்று அறிவித்தபோதே வகுப்பில் பாதிப் பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்காமல் முயன்றவர்களில் ஒருவர் ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்னும் கடலோர ஊரைச் சேர்ந்த என் வகுப்புத் தோழர். அவருடைய அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அம்மாவின் நகையை அடகு வைத்து முதல் தவணையாக 30,000 ரூபாய் கட்டினார்கள். மீதியை உறவினர்களிடம் கேட்டு வைத்திருந்தார்கள். ஜூன் முதல் வாரத்தில் விசாவுக்காகக் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு கேட்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதும், அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும் என்பதும் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத செய்தியல்ல. அந்தக் கணக்கேட்டில் தடைக்கால நிவாரணத்தைத் தவிர வரவென்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இதை வைத்து விண்ணப்பித்தால் மற்றவர்களின் விசாவுக்கும் இடையூறு வரும் என்று சொல்லி, தானே விலகிக்கொள்வதாக அவரிடம் எழுதி வாங்கினார்கள். முன்பணம் திரும்பி வர இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாத நகைக்கடன் வட்டியையும் கடலுக்குப் போக முடியாதிருந்த அந்தக் குடும்பம்தான் கட்டியது.

இதைத் தவிர்த்திருக்க முடியும் என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. பயணச் செலவுக்குப் பொறுப்பேற்றுப் பல்கலைக்கழகம் ஓர் உறுதிக் கடிதம் கொடுத்திருந்தால், ஒரு மீனவரின் சேமிப்புக் கணக்கு மட்டுமே சான்றாக நிற்க வேண்டியிருந்திருக்காது. கல்விக்காகச் செல்லும் முதுநிலை மாணவர்களிடமும் உடன்செல்லும் ஆசிரியர்களிடமும் விசாக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு சொல்கிறது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழிசெய்யும் ஷெங்கன் ஏற்பாட்டில் உள்ள சுவிட்சர்லாந்தும் அதையே பின்பற்றுகிறது. நாங்களோ ஆளுக்கு 90 யூரோ கட்டினோம். பன்னாட்டு அமைப்புகளைப் பற்றி இரண்டு பருவங்கள் பாடம் நடத்தும் ஒரு துறையில், அந்த விதியைப் படித்துப் பார்த்து மாணவர்களுக்காக ஒரு கடிதம் எழுத ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஜெனீவாவில் ஏரிக்கரையை ஒட்டிய உலக வணிக அமைப்பின் கட்டடத்தில், 2022 ஜூன் 17 அன்று அமைச்சர்கள் மாநாட்டில் ஏற்கப்பட்ட, மீன்வளத்தைக் குலைக்கும் அரசு மானியங்களைக் கட்டுப்படுத்தும் மீன்பிடி மானிய ஒப்பந்தத்தைப் பற்றி ஓர் அதிகாரி எங்களுக்கு ஒரு மணி நேரம் விளக்கினார். சிறு மீனவர்களைக் காக்க, மானியக் கட்டுப்பாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா கேட்டதையும் எடுத்துச் சொன்னார். பிறகு, உங்கள் கடற்கரையில் தடைக்காலம் எப்படி நடைமுறையாகிறது, குடும்பங்கள் அதை எப்படிச் சமாளிக்கின்றன என்று எங்களைக் கேட்டார். ஒன்பது பேரில் ஒருவரிடமும் உருப்படியான பதில் இல்லை. அதே ஒப்பந்தத்தைத் தன் ஆய்வேட்டுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டு, தீர்மான வரைவுகளை வரிவரியாகப் படித்திருந்த அந்தத் தோழரோ தன் ஊரான மண்டபத்தில் இருந்தார். நாங்கள் திரும்பிய பிறகு, செப்டம்பர் 15 அன்று அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அதைப் பற்றி வகுப்பில் எங்களுக்கு விளக்கியவரும் அவரே. ஜெனீவாவில் அந்த விளக்கத்தைக் கேட்ட மறுநாள் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தபோதும் அவருடைய நினைவுதான் எனக்கு வந்தது.

பயணம் சென்ற எங்களுக்கு, பத்துப் பக்க அறிக்கை ஒன்றைக் கொடுத்ததும் 50 மதிப்பெண் கணக்கில் ஏறியது. வராத பதினைந்து பேரும் நாற்பது பக்கக் கட்டுரை எழுதினார்கள். பாதிப்புக்கு ஆளானவர்கள் மீதே கூடுதல் சுமையை ஏற்றிவிட்டு, அதற்கு மாற்று ஏற்பாடு என்று பெயரிடுவது நியாயமாகப் படவில்லை. உதவித்தொகை பல மாதம் தாமதமாக வருவதையும், விடுதிக் கட்டணம் கட்டாதவர்களின் தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்தி வைப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கும்போது, வசதி இல்லாத மாணவரின் சிரமம் இந்த வளாகத்தில் யார் கணக்கிலும் வருவதில்லை என்றே தோன்றுகிறது. அவற்றைப் பற்றித் தனியே எழுதுவேன். இங்கே பயணத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

வகுப்பு முழுவதையும் ஜெனீவாவுக்கு அனுப்ப நிதி இல்லையென்றால், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் அமைப்பின் தலைமைச் செயலகம் 1987 முதல் காத்மாண்டுவில் இயங்குகிறது. அங்கே செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை. வாக்காளர் அடையாள அட்டை போதும். உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசிய மண்டல அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. ரயிலிலேயே போய் வரலாம். இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நான்கு நாடுகளும் உறுப்பினராக உள்ள வங்காள விரிகுடாத் திட்டம் என்னும் மீன்வள அமைப்பு சென்னையில்தான் இயங்குகிறது. எங்கள் இரண்டாண்டுப் படிப்பில் ஒரு நாள்கூட எங்களை அங்கே அழைத்துச் சென்றதில்லை.

ஆகவே, முன்பணம் கட்டுவதற்கான கடைசி நாளுக்கு முன் அந்தச் சுற்றறிக்கையை நிறுத்தி வைக்குமாறும், அனைவரும் செல்லும்படியாகப் பயணத்தைத் திருத்தி அறிவிக்குமாறும், அதுவரை இதற்கான மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காதிருக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாக் கட்டண விலக்குக்கான விதியின் நகலையும், கடிதத்திற்கான வரைவையும் துறை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். தங்கள் கையெழுத்து மட்டுமே அதற்கு வேண்டும்.

இப்படிக்கு,
முதுகலை இரண்டாமாண்டு மாணவன்,
அரசியல் அறிவியல் துறை