ஹல்மியின் தறி

தேகு, தென்கொரியா
அக்டோபர் 20

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நான் நலம். இங்கே குளிர் இறங்கிவிட்டது. நீ கொடுத்தனுப்பிய கம்பளியை வெளியே எடுத்துவிட்டேன். தம்பி இதை அவசரமாகப் படித்தால், நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல். இது உனக்கென்றே எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் என்னை ஹாஹ்வே என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனாள். ஆன்டோங் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. நாக்டோங் ஆறு ஊரைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளுமாகப் பழைய ஊர். ஆட்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். அங்கேதான் முகமூடி ஆட்டம் பார்த்தேன்.

முன்பெல்லாம் ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அவர்களுடைய ஆண்டின் முதல் மாதத்தில், ஊர்க் காவல் தெய்வத்துக்காக ஆடுவார்களாம். செலவு மேல்குடி யாங்பான்களுடையது, ஆட்டம் எளிய மக்களுடையது. அந்த யாங்பானையே மேடையில் கிழித்துத் தொங்கவிடுகிறார்கள் அப்பத்தா! அவனும் ஒரு படித்த மேதையும் எருதின் விதைக்காகக் கசாப்புக்காரன் முன்னால் அடித்துக்கொள்கிறார்கள். யாங்பான் முகமூடியில் தாடை தனித் துண்டு, கயிற்றால் கட்டியது. ஆடுபவர் தலையை நிமிர்த்தினால் முகம் வாய்விட்டுச் சிரிக்கிறது, குனிந்தால் கடுகடுக்கிறது. ஒரே முகமூடி இரண்டு முகம் காட்டுவதைக் கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஹல்மியைப் பற்றி. ஹல்மி என்றால் கிழவி. வட்டக் கண், கூரிய மோவாய், பசித்ததுபோல் திறந்தே இருக்கும் வாய். அவளுடைய தாடை அசையாது. நிமிர்ந்தாலும் குனிந்தாலும் அவளுக்கு ஒரே முகம்தான். இடுப்பில் சுரைக்குடுக்கையோடு வந்து, தறியில் உட்கார்ந்து, நெய்துகொண்டே பாடத் தொடங்கினாள். தோழி என் காதருகே பொருள் சொல்லிக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி மூன்றாம் நாள் புருஷன் செத்துப்போனான், அப்போது வயது 15, இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் எவள் வாழ்க்கைப்படுவாள் என்று பாடுகிறாள்.

அதற்குமேல் எனக்குப் பொருள் தேவைப்படவில்லை. தாத்தா போனபோது உனக்கு 23 வயது, அப்பா தவழ்ந்துகொண்டிருந்தார் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. நம் வீட்டுக் குழித்தறியில் நீ மிதியை மிதிக்க, நான் பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மத்தியானங்கள் நினைவுக்கு வந்தன. பிறகு அவள் எழுந்து, குடுக்கையை நீட்டியபடி கூட்டத்தைச் சுற்றி ஆடிவந்தாள். என்னிடம் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். முகமூடிக்குள் இருந்த ஆண், தலையை லேசாகச் சாய்த்து என் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

இந்த ஆட்டம் 1928இல் அந்த ஊரில் கடைசியாக நடந்து நின்றேபோனது. ஆல்டர் என்ற மரத்தில் செதுக்கிய பழைய முகமூடிகள் 1964இல் சியோல் அருங்காட்சியகத்துக்குப் போய், 2017இல்தான் ஆன்டோங்குக்குத் திரும்பின. முகமூடி பத்திரமாக இருந்தது; பாட்டும் ஆட்டமும் யாருக்குத் தெரியும்? அந்தக் கடைசி ஆட்டத்தில் மணப்பெண்ணாக ஆடிய சிறுவன் கிழவராக உயிரோடு இருந்தார். 1970களில் அவரைத் தேடிப்பிடித்து, அவர் நினைவிலிருந்து மீட்டிருக்கிறார்கள். அவர் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் ஹல்மியின் குரலைக் கேட்டிருக்க முடியாது.

அப்பத்தா, நாடா ஓடும்போது நீ முணுமுணுப்பாயே, பாவு அறுந்தால் நிறுத்திவிட்டு முடிச்சுப் போட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாயே, அந்தப் பாட்டை முழுதாக ஒருமுறை பாடு. தம்பி கைப்பேசியில் பதிந்து அனுப்புவான். பஸ்ஸில் வரும்போது தோழிக்குப் பாடிக்காட்டப் பார்த்தேன். முதல் அடிக்குமேல் வரவில்லை.

கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விட்டுக்கொள்.

உன் பேத்தி