அப்டேட் வந்தது, பிரிண்டர் நின்றது: தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர், கணினி மற்றும் ஜெராக்ஸ் மையம்,
தாலுகா அலுவலகம் அருகில், மன்னார்குடி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பிரிண்டர் தயாரிப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: தானாக இறங்கிய அப்டேட்டுக்குப் பிறகு, ரீஃபில் செய்த (மைத்தூள் மீண்டும் நிரப்பிய) டோனர் கார்ட்ரிட்ஜை லேசர் பிரிண்டர் ஏற்க மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் லேசர் பிரிண்டரை முழு விலை கொடுத்து, ரசீதோடு வாங்கியவன் நான். பட்டா, சிட்டா, வருமானச் சான்றிதழ், ஹால் டிக்கெட் என்று என் கடையிலிருந்து போகும் தாள் எல்லாம் அந்த ஓர் இயந்திரத்தில்தான் அச்சாகின்றன. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, 'இந்தக் கார்ட்ரிட்ஜ் ஏற்கப்படாது' என்று அதன் திரையில் செய்தி வந்தது. சனிக்கிழமை இரவு கடையைச் சாத்தும் வரை அதே கார்ட்ரிட்ஜ் எழுத்து மங்காமல் அச்சிட்டுக்கொண்டிருந்தது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: வைஃபை வழியாக உங்கள் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) அப்டேட் இறங்கியிருக்கிறது. என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இந்த அப்டேட் எதை மாற்றும் என்று ஒரு வரிகூட எனக்குச் சொல்லப்படவில்லை.

அந்தக் கார்ட்ரிட்ஜ் உங்கள் நிறுவனமே விற்றது. டோனர் தீர்ந்ததும் தஞ்சாவூரில் வழக்கமாகச் செய்யும் இடத்தில் பவுடர் நிரப்பி, சிப் மாற்றிப் பொருத்தினேன். அதற்கு ஆகும் செலவு ரூ.350. புதியது வாங்க வேண்டுமென்றால் ரூ.4,000-க்கு மேல். ஒரு பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கும் கடையில் இந்த வித்தியாசம் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

உங்கள் உதவி எண்ணில் பேசியவர், அச்சின் தரத்தைக் காக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு என்றார். இதை நான் ஏற்கவில்லை. லேசர் பிரிண்டரில் எழுத்து உருவாவது உள்ளே சுழலும் டிரம் என்ற உருளை மீது ஒட்டும் டோனர் பவுடரால். அந்தப் பவுடர் தாளில் நிலைப்பது சூடான உருளையால். கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சிறு சிப்புக்கு இந்த வேலையில் எந்தப் பங்கும் இல்லை. எத்தனை பக்கம் அச்சானது, எவ்வளவு டோனர் மிச்சம், கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று கணக்குச் சொல்வதற்கு மட்டுமே அது இருக்கிறது.

இது நானாகக் கட்டிய வாதமும் அல்ல. 2022 தொடக்கத்தில் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு இருந்தபோது, கேனான் நிறுவனம் தன் அலுவலக இயந்திரங்கள் சிலவற்றுக்குச் சிப் இல்லாத டோனரையே அனுப்ப வேண்டிவந்தது. எச்சரிக்கைச் செய்தியைத் தாண்டி அச்சிடுவது எப்படி என்று ஜெர்மனியில் அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு வழி சொல்லிக்கொடுத்தது. அச்சுத் தரம் குறையாது, டோனர் அளவைக் காட்டுவதில்தான் சிக்கல் வரலாம் என்றும் சொன்னது. உங்கள் துறையின் பெரிய நிறுவனம் ஒன்றே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட உண்மை இது. அப்படியிருக்க, சிப்பைக் காட்டித் தரத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பது எந்த விதத்தில் நியாயம்?

அடுத்துச் சொன்ன காரணம், பாதுகாப்பு. வலையமைப்பில் இருக்கும் பிரிண்டருக்குப் பாதுகாப்பு அப்டேட் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. பழைய ஃபர்ம்வேரின் ஓட்டைகள் வழியாக உள்ளே நுழைய முடியும் என்பது உண்மைதான். அதனால்தான் அப்டேட்டை நிறுத்தாமல் வைத்திருந்தேன். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி, ஓட்டையை அடைக்கும் மருந்தோடு கார்ட்ரிட்ஜ் பூட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். இனி என்னைப் போன்றவர்கள் பயந்து அப்டேட்டையே அணைத்துவைப்பார்கள். அப்போது பாதுகாப்பு யாருக்கு?

விற்ற பொருளின் மீது விற்றவருக்கு எவ்வளவு தூரம் பிடி இருக்கலாம் என்ற கேள்வியும் புதிதல்ல. லெக்ஸ்மார்க் என்ற அமெரிக்கப் பிரிண்டர் நிறுவனத்தின் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ்களை மீண்டும் நிரப்பி விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. பொருளை விற்றதோடு அதன் மீதான காப்புரிமைப் (பேட்டன்ட்) பிடி முடிந்துவிடுகிறது என்பதே அந்தத் தீர்ப்பு. அது நம் நாட்டுச் சட்டம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. வாங்கியவர் தன் பொருளைத் தான் விரும்பும் இடத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை.

பணத்தைவிட எனக்கு வலித்த விஷயம் வேறு. குரூப் 4 தேர்வுக்கான ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகளை அந்த வாரம் வேறு கடைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியவர்களிடம், பிரிண்டர் பழுது என்று சொல்லித் திருப்பினேன். இயந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. வீட்டை விற்றவர் இரவில் வந்து பூட்டை மாற்றிவிட்டுப் போனதற்கு ஒப்பானது இது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப வழியில்லை, புதிய கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள் என்பதே பதில். அங்கிருந்த இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் எதுவும் இல்லை.

என் கோரிக்கை இதுதான். அப்டேட்டுக்கு முன்பிருந்த ஃபர்ம்வேரை என் பிரிண்டருக்குத் திரும்பக் கொடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களைக் கார்ட்ரிட்ஜ் கட்டுப்பாட்டிலிருந்து பிரித்து, தனியாக அனுப்புங்கள். இவை முடியாது என்றால், பிரிண்டரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். எதுவானாலும் பதில் எழுத்துவடிவில் வேண்டும். தொலைபேசி சமாதானம் போதாது. புதிதாக விற்கும் பெட்டிகளின் மேல், ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ் இதில் ஓடாது என்று தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அப்படி அச்சிட்டிருந்தால் நான் இதை வாங்கியிருக்கவே மாட்டேன்.

கடைக்கு வாங்கியது என்பதால் நான் நுகர்வோர் அல்ல என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் அது இடம் தருகிறது. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
உரிமையாளர், கணினி மற்றும் ஜெராக்ஸ் மையம், மன்னார்குடி.

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், ரீஃபில் ரசீது, பிரிண்டர் திரையில் வந்த செய்தியின் படம்.