பார்கோடு வேண்டாம் என்றவன் எழுதும் கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். பெரிய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) எதையும் நம்பாமல், பிரிட்டனின் வாராந்திர இசை விற்பனைப் பட்டியலில் முதல் 40க்குள் உங்கள் குழு சொந்தக் காலில் போய்விடலாம் என்கிறாய். உங்கள் டிரம்மர் மட்டும் சிரிக்கிறானாம். டிரம்மர்கள் அப்படித்தான், எண்ணிப் பழகியவர்கள்.

முடியும். முடிந்தும் இருக்கிறது. 2007 ஜனவரியில் எசெக்ஸைச் சேர்ந்த கூபா என்ற மூவர் பங்க் குழு, எந்த லேபிளோடும் ஒப்பந்தம் இல்லாமல் சிங்கிள் (தனிப்பாட்டு) பட்டியலில் 31ஆம் இடத்துக்கு வந்தது. அவர்கள் உழைத்தார்கள்தான். ஆனால் விதி மாறியதும் அந்த மாதம்தான். அதற்கு முன் கடைக்கு இசைத்தட்டும் வந்தாக வேண்டும், வெறும் டவுன்லோடை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியலுக்குள் போக முடியாது. தடை நீங்கியபோது கூபா வாசலிலேயே நின்றிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் என்டர் ஷிகாரி என்ற குழு தங்கள் சொந்த லேபிளில் போட்ட முதல் ஆல்பம் 4ஆம் இடத்தைப் பிடித்தது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் ராதரம் ஊர்ப் பையன்கள், ரெய்ட்டன்ஸ் குழு, லேபிளே இல்லாமல் ஆல்பம் பட்டியலின் உச்சிக்கே போனார்கள். (நீ ஆர்க்டிக் மங்கீஸ் குழுவை உதாரணம் காட்டினாய். அவர்களுக்குப் பின்னால் டொமினோ என்ற லேபிள் இருந்தது. பெரிய கம்பெனி இல்லை, ஆனாலும் லேபிள் லேபிள்தான்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பாட்டு நல்லதா கெட்டதா என்பது பட்டியலுக்குத் தேவையில்லாத கேள்வி. வெள்ளி முதல் வியாழன் வரை ஏழு நாளில் எவ்வளவு விற்றுப்போனது, அவ்வளவுதான் அதற்கு வேண்டும். ஆண்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக விற்றவன் வெளியே நிற்பான். அதில் பாதியை ஒரே வாரத்தில் விற்றவன் உள்ளே இருப்பான். முன்பதிவுக்கு அத்தனை மதிப்பு இதனால்தான்: மாதக்கணக்கில் சேர்ந்த ஆர்டர் மொத்தமும் வெளியீட்டு வாரத்தில் வந்து விழும். மாரிலியன் என்ற ராக் குழு 2001இல் ஒரு ஆல்பத்துக்கு, பதிவு செய்வதற்கு முன்பே 12,000க்கும் மேற்பட்ட ரசிகர்களிடம் பணம் வாங்கினார்கள். கேட்க வாய் வந்ததே பெரிய விஷயம், கொடுத்தார்களே அது இன்னும் பெரிய விஷயம்.

இன்னொன்று. சிங்கிளை விடு, ஆல்பத்தைக் குறிவை. 2015இல் ஸ்ட்ரீமிங்கையும் ஆல்பம் கணக்கில் சேர்த்தபோது, ஆயிரம் ஸ்ட்ரீமுக்கு ஒரு விற்பனை என்றுதான் வைத்தார்கள். வினைல் வாங்குகிற ஒரு ரசிகருக்கு அங்கே எவ்வளவு எடை என்று பார்த்துக்கொள்.

இப்போது என் கதை. எங்கள் ஆல்பம் வந்த வாரம் நாலு ஊரில் கச்சேரி. அரங்க வாசலில் ஒரு மடக்கு மேசை, சில்லறைக்கு ஒரு பிஸ்கட் டின். ஒரு சிடி விற்றால் அட்டையில் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்காக. கடைசி நாள் இரவு வேனுக்குள் டார்ச் வெளிச்சத்தில் எண்ணினோம்: 212. கத்திய கத்தில் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பட்டியலில் எங்கள் கணக்கு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். கச்சேரியில் விற்றதையும் முறைப்படி பதிந்து அனுப்பினால்தான் சேருமாம். அதற்கு முதலில் பார்கோடு வேண்டும். அட்டைப்படத்தின் அழகு கெட்டுவிடும், பார்கோடு வேண்டாம் என்று அடம்பிடித்தவன் நான்தான்.

அந்த 212ஐ வைத்துக்கொண்டு முதல் 40 எல்லாம் வந்திருக்காது, அது வேறு விஷயம். ஆனாலும் அந்த அட்டையை இன்னும் தூக்கிப்போட மனசு வரவில்லை.

அதனால் பாட்டை மெருகேற்றுவதை ஒரு வாரம் நிறுத்திவை. பார்கோடு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் எண்), கச்சேரி விற்பனையைப் பட்டியலுக்கு அனுப்பித் தரும் விநியோகஸ்தர், இந்த மூன்றையும் முடி. இரண்டாம் வாரம் இடம் சறுக்கும், அதற்கு அழாதே. முன்பதிவில் எல்லாரையும் முதல் வாரமே கூப்பிட்டுவிட்டாயே, அப்புறம் யார் மிச்சம்?

ஒன்று மட்டும் நீ சொல்லவே இல்லை. உங்கள் மின்னஞ்சல் பட்டியலில் எத்தனை பேர்? சமூக வலைதளத்தில் லைக் போடுபவர்களைக் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்குபவர்களைக் கேட்கிறேன். உனக்குத் தெரியாவிட்டால் டிரம்மரைக் கேள். அவன் எண்ணியிருப்பான்.

அன்புடன்,
அண்ணன்